ஏரிக்கரையின் எழுத்து: பழவேற்காடும் அரபுத்தமிழ்க் கைவடிவும்

ஓர் ஊரின் பெயரை அயலார் எவ்வாறு எழுதினர் என்பதைக் கொண்டே அவ்வூரின் வரலாற்றில் ஒரு பகுதியை அறிந்துவிடலாம். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், உவர்நீர் ஏரியொன்றின் தென்கரையில் கடலை ஒட்டி அமைந்துள்ள பழவேற்காடு அத்தகைய ஊர்களுள் ஒன்று. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுக்கீசியரான துவார்த்தே பார்போசா தமது நூலில் இதனைப் 'பலியகாத்தே' என்று குறித்தார். டச்சுக்காரர் 'பலியகட்டா' என்றனர்; ஆங்கிலேயர் 'புலிகாட்' என்று சுருக்கினர். இத்துறையிலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட துணிக்கு மலாய் மக்கள் 'காயின் பெலிக்காட்' என்று பெயரிட்டனர்; அப்பெயர் இன்றும் அம்மொழியில் வழங்கி வருகிறது. இவர்கள் அனைவர் நாவிலும் நழுவிப்போனது ஒன்றே. அது தமிழின் சிறப்பு எழுத்தாகிய ழகரம்.

கடல் கடந்து வந்த எழுத்து வரிசைகளுள் ஒன்று மட்டும் இந்த ழகரத்தை நழுவ விடவில்லை. அது அரபு எழுத்து. இன்னும் சரியாகச் சொல்வதானால், தமிழ் முஸ்லிம்களின் கையில் அரபு எழுத்து அடைந்த அரபுத்தமிழ் என்னும் வடிவம். அரபுத்தமிழின் இலக்கியச் செல்வத்தைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். அதன் கைவடிவம் எத்தகையது, அது எவ்வெவற்றுக்குப் பயன்பட்டது, அதன் சுவடுகள் நம் கண்முன்னே ஏன் அருகி வருகின்றன என்பவற்றைப் பழவேற்காட்டை முன்வைத்து ஆராய்வதே நமது நோக்கமாகும்.

ஏரியும் குடிகளும்

பழவேற்காடு ஏரி இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரியாகும். தமிழகத்துக்கும் ஆந்திரத்துக்கும் எல்லையாக விரிந்து கிடக்கும் இவ்வேரியை வங்கக் கடலிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாத் தீவு பிரிக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டிக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் எனக் குப்பங்கள் பரவியுள்ளன. ஏரியில் எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலை இறக்குவது என்பதை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் மரபு இக்குப்பங்களின் தனிச்சிறப்பு. ஆய்வாளர் பலரின் கவனத்தை ஈர்த்துள்ள இம்முறை, எழுத்தைக் காட்டிலும் நினைவையும் நம்பிக்கையையும் சார்ந்து தலைமுறை தலைமுறையாக நடந்து வந்த ஏற்பாடு.

வலை வீசும் குப்பங்களுக்கு நடுவே வணிகம் செய்யும் ஊராகப் பழவேற்காடு வளர்ந்தது. அவ்வணிகத்தின் ஒரு பங்கு முஸ்லிம்களின் கையில் இருந்தது. விசயநகர ஆட்சிக்குட்பட்ட இத்துறையில் முஸ்லிம் வணிகரும் இந்து வணிகரும் செல்வாக்குடன் வாழ்ந்ததையும், வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகள் மலாக்காவுக்கும் பெகுவுக்கும் சென்றதையும் பார்போசா பதிவு செய்துள்ளார். 1610-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே பண்டகசாலை அமைத்தது. 1613-இல் கெல்திரியாக் கோட்டை எழுந்தது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் முதன்மைத் தலம் இதுவே. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று.

புதிய கலீஃபாவுக்குக் கப்பம் கட்ட மறுத்ததால் அரபு நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு நான்கு படகுகளில் வந்து கரையேறியவர்களின் வழித்தோன்றல்களே தாங்கள் என்பது இவ்வூர் முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றின் மரபுச் செய்தி. அதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதா, ஒரு சமுதாயம் தன் தோற்றத்தைப் பற்றிப் போற்றி வந்த நினைவாகக் கொள்வதா என்பது தனி ஆய்வுக்குரியது. எவ்வாறாயினும், வந்தவர் இங்கேயே வேரூன்றினர். தமிழே அவர்தம் தாய்மொழியாயிற்று. குர்ஆனின் எழுத்தும் அவர்களுக்குத் தாயின் எழுத்தாகவே இருந்தது. இவ்விரண்டும் ஒரே தாளில் சந்தித்தபோது பிறந்ததே அரபுத்தமிழ்.

ஒரு பெயரில் நான்கு புதுமைகள்

'அர்வி' என்றும் இவ்வெழுத்து வழங்கப்படும். தெலுங்கர் தமிழை 'அரவம்' என்று அழைக்கும் வழக்கோடு இச்சொல்லைத் தொடர்புபடுத்துவர். தமிழும் தெலுங்கும் ஒரே ஏரியின் நீரைப் பகிர்ந்துகொள்ளும் பழவேற்காட்டில் இவ்விளக்கம் தனிப்பொருள் பெறுகிறது.

அரபு எழுத்துக்கள் இருபத்தெட்டு. பழவேற்காடு என்னும் பெயரை அவற்றால் மட்டும் எழுத முற்படுவோமாயின் முதல் எழுத்திலேயே தடைப்படுவோம். அரபியில் பகரம் இல்லை. அடுத்து வரும் ழகரமும் இல்லை. 'வே' என்பதில் உள்ள ஏகார ஒலிக்குக் குறியீடு இல்லை. அரபியின் உயிர்க்குறிகள் அ, இ, உ என்னும் மூன்றையும் அவற்றின் நெடில்களையுமே காட்ட வல்லவை. இறுதியில் நிற்கும் டகரமும் இல்லை. வல்லின றகரத்தைக் கணக்கில் சேர்க்காவிடினும், ஒரே ஊர்ப் பெயரில் நான்கு இடங்களில் அரபு எழுத்து நின்றுவிடுகிறது. அரபு நாட்டிலிருந்து வந்த மாலுமி தான் இறங்கிய துறையின் பெயரைத் தன் தாய் எழுத்தில் பிழையின்றி எழுதியிருக்க இயலாது. அதை எழுதுவதற்குத் தமிழ் பேசும் ஒருவரின் கை வேண்டியிருந்தது.

அந்தக் கை செய்த வேலை எளிமையானது. அதே வேளையில் நுட்பமானது. புதிய வடிவங்களை அது புனையவில்லை. அரபு எழுத்தின் இயல்பையே துணையாகக் கொண்டது. அரபியில் பா, தா, ஸா ஆகிய மூன்றும் ஒரே உடலும் வெவ்வேறு புள்ளிகளும் கொண்டவை. புள்ளியே எழுத்தை வேறுபடுத்துகிறது. அந்த நெறியையே தமிழுக்கும் நீட்டினர். நெருங்கிய ஒலியுடைய எழுத்தை எடுத்துக்கொண்டு அதன் மேலோ கீழோ புள்ளிகளைக் கூட்டினர். ஃபாவின் கீழே ஒரு புள்ளி சேர்த்தபோது பகரம் கிடைத்தது. ஐனின் கீழே மூன்று புள்ளிகள் சேர்த்தபோது ஙகரம் கிடைத்தது. ட, ண, ஞ, ள, ழ முதலியவற்றுக்கும் இவ்வாறே வழி கண்டனர். எகர ஒகரங்களுக்குத் தனி உயிர்க்குறிகளை வகுத்தனர். இவ்வாறு சேர்ந்தவை பத்துக்கும் மேற்பட்டவை. எண்ணிக்கை நூலுக்கு நூல் சற்று மாறும்.

இம்முயற்சி தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. மலபாரில் அரபுமலையாளம் தழைத்தது; 1607-இல் காழி முகம்மது இயற்றிய முஹ்யித்தீன் மாலை அதன் பழம்பெரும் படைப்பு. மலாய் மொழியினர் ஜாவி எழுத்தை வளர்த்தனர். அங்கே ஐனின் மேலே மூன்று புள்ளிகள் இட்டால் ஙகரம். நம்மவர் கீழே இட்டதை அவர்கள் மேலே இட்டனர். கைலியும் 'கப்பல்' என்னும் சொல்லும் பயணம் செய்த அதே கடற்பாதையின் இரு முனைகளிலும் ஒரே சிக்கலுக்கு ஏறத்தாழ ஒரே தீர்வு காணப்பட்டது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தமிழ் எழுத்து கைவசம் இருக்க, இத்துணை உழைப்பு எதற்கு என்னும் வினா இயல்பாக எழும். அரபியில் இதயத்தைக் குறிக்கும் சொல்லும் நாயைக் குறிக்கும் சொல்லும் தமிழ் எழுத்தில் 'கல்ப்' என்றே அமையும். முன்னதன் முதலெழுத்து காஃப் எனப்படும் தொண்டையடி ஒலி. பின்னது சாதாரணக் ககரம். அரபு எழுத்தில் இவை இரண்டும் வெவ்வேறு. வணக்கத்திலும் பிரார்த்தனையிலும் பயிலும் சொற்களை இந்த மயக்கத்துக்கு உட்படுத்த ஆலிம்கள் அஞ்சினர். ஹகர ஒலிகள் இரண்டு, ஸகர ஒலிகள் மூன்று என அரபியில் பிரிந்து நிற்பவை தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடும். எனவே தமிழ் வாக்கியத்துக்குள் வரும் அரபுச் சொல் தன் வடிவில் சிறிதும் திரியாமல் இருக்க அரபு எழுத்தே ஏற்றது எனக் கொண்டனர்.

இதன் மறுபக்கம் அதிகமாகப் பேசப்படுவதில்லை. அரபுச் சொல்லின் தூய்மை மட்டுமே அவர்தம் கவலையாக இருந்திருந்தால், தமிழ் ழகரத்தை லகரமாக எழுதிவிட்டு அமைந்திருக்கலாம். படிப்பவர் எப்படியும் புரிந்துகொண்டிருப்பர். ஆயினும் ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்ட முனைந்தனர். இரு மொழிகளில் எதனையும் சிதைக்கக் கூடாது என்னும் இந்த இருமுக நேர்மையே அரபுத்தமிழின் உயிர்நிலை. தமிழ் முஸ்லிம்கள் தமிழை விட்டு விலகி நின்றதற்கு அரபுத்தமிழைச் சான்று காட்டுவோர், அதன் புள்ளிகளைக் கூர்ந்து நோக்கினாலே போதும்.

நஸ்கு கைவண்ணம்

அரபு எழுத்துக்கலையில் பல பாணிகள் உண்டு. அவற்றுள் அரபுத்தமிழ் நூல்கள் பெரிதும் மேற்கொண்டது நஸ்கு. பிரதி செய்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து இச்சொல் வந்தது என்பர். பெயரிலேயே பயனும் அடங்கியுள்ளது. அப்பாசிய அரசின் அமைச்சராக விளங்கிய இப்னு முக்லா (886–940), எழுதுகோலின் முனை தாளில் பதிக்கும் சாய்சதுரப் புள்ளியையே அளவுகோலாகக் கொண்டு எழுத்துக்களின் விகிதங்களை வகுத்தார். 1022-இல் மறைந்த இப்னுல் பவ்வாப் அதனை மெருகேற்றினார். ஹிஜ்ரி 391-இல் அவர் எழுதிய குர்ஆன் பிரதி இன்று டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது. 1298-இல் மறைந்த யாகூத் அல்-முஸ்தஃஸிமி கோல்முனையைச் சாய்வாகச் சீவி இக்கலைக்கு மேலும் நளினம் சேர்த்தார்.

தமிழ்க் கரைக்கு வந்த நஸ்கு இவ்வரசவைக் கலையின் எளிய உறவினர் எனலாம். பொன் மையும் பூவேலைப்பாடும் இங்கே அரிது. நாணற்கோலும் விளக்குக் கரியும் பிசினும் கலந்த மையும் போதுமானவை. ஆயினும் இதன் அழகு குறைந்ததன்று. தெளிவிலிருந்து பிறந்த அழகு அது. வரி நேராகச் செல்லும். எழுத்துக்களின் உடல் சிறிதாகவும் வட்டமாகவும் அமையும். அலிஃபும் லாமும் நிமிர்ந்து நிற்க, மேலும் கீழும் குறியீடுகளுக்குத் தாராளமான இடம் விடப்பட்டிருக்கும்.

இவ்விடைவெளிதான் முக்கியமானது. அரபு மொழி அறிந்தவர் உயிர்க்குறிகள் இல்லாமலே அரபியைப் படித்துவிடுவர். சொல்லின் வேர் அவர்களுக்குக் கைகொடுக்கும். தமிழுக்கு அவ்வசதி இல்லை. குறில் உயிரில் மட்டும் வேறுபடும் சொற்களை உயிர்க்குறி இல்லாமல் பிரித்தறிவது கடினம். ஆகவே அரபுத்தமிழ் நூற்படிகளில் குர்ஆன் பிரதியில் இருப்பதைப் போலவே உயிர்க்குறிகள் நிறைந்திருக்கும். அவற்றோடு தமிழுக்கெனக் கூட்டிய புள்ளிகளும் சேரும்போது ஒவ்வொரு வரியும் மூன்றடுக்காகிறது. நடுவே எழுத்தின் உடல். அதை ஒட்டிப் புள்ளிகள். அவற்றுக்கு வெளியே உயிர்க்குறிகள்.

ஆர்க்காட்டு நவாபுகளின் அவையில் பாரசீகமும் உருதும் செழித்தன; அவற்றுக்குரிய பாணி நஸ்தஃலீக். சொல் வலமேலிருந்து இடக்கீழாகச் சரிந்து இறங்கும் அப்பாணியின் எழில் தனித்தன்மை வாய்ந்தது. ஆனால் தமிழ், ஒட்டுக்களை அடுக்கிச் சொற்களை நீட்டும் மொழி. 'எழுதிக்கொண்டிருந்தவர்களுக்காக' போன்ற நெடுஞ்சொல்லைச் சரிவாக எழுதினால் அடுத்த வரியோடு மோதும். குறியீடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். நேர்கோட்டில் எவ்வளவு தொலைவும் நடக்கவல்ல நஸ்கே தமிழுக்கு இசைந்தது எனக் கருதலாம். குர்ஆன் ஓதிப் பழகிய கண்ணுக்கு அதுவே அறிமுகமானது என்பது இன்னொரு காரணம். ஓதத் தெரிந்த சிறுமி சில புதிய புள்ளிகளை மட்டும் கற்றுக்கொண்டால் தன் தாய்மொழியைப் படித்துவிடலாம்.

எழுத்தின் பயன்கள்

இச்சிறுமியை முன்னிறுத்தியே அரபுத்தமிழின் பயன்களை மதிப்பிட வேண்டும். மார்க்கச் சட்டம், அகீதா, நபிமார் வரலாறு, மாலை, முனாஜாத்து, தாலாட்டு, மருத்துவம் எனப் பல துறைகளில் அரபுத்தமிழ் நூல்கள் தோன்றின. கீழக்கரையில் வாழ்ந்து தமிழகத்துக்கும் இலங்கைக்கும் அறிவொளி பரப்பிய இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) எழுதிய 'மகானீ', 'ஃபத்ஹுத் தய்யான்' ஆகியவை இவ்வெழுத்தின் வீச்சுக்குச் சான்றுகள். தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் 1993-இல் வெளியிட்ட பேராய்வு நூல், தமிழகத்திலும் இலங்கையிலும் இவ்விலக்கியம் பரந்து கிடந்ததை உலகுக்குக் காட்டியது.

நூல்களுக்கு அப்பாலும் இவ்வெழுத்து வாழ்ந்தது. கடற்கரை ஊர்களில் ஆடவர் மாதக்கணக்கில் வெளியூரில் இருப்பர். கொழும்பிலோ ரங்கூனிலோ பினாங்கிலோ இருக்கும் கணவருக்கும் வீட்டிலிருக்கும் மனைவிக்கும் இடையே பாலமாக இருந்தது கடிதம். பள்ளிக்கூடம் செல்லாத பெண், ஓதப்பள்ளியில் பெற்ற எழுத்தறிவைக் கொண்டு, எழுதித்தர இன்னொருவரை நாடாமல் தன் மனத்தைத் தானே எழுதினாள். கணக்கேடு, சீர்வரிசைப் பட்டியல், பிள்ளை பிறந்த நாளின் குறிப்பு, மருந்துக் குறிப்பு ஆகியனவும் இவ்வெழுத்தில் அமைந்தன. நூற்படியின் நிதானமான நஸ்கு இங்கே விரைவுக் கையாக மாறும்; உயிர்க்குறிகள் உதிரும்; புள்ளிகள் கோடாக இணையும். அழகு குறைந்தாலும் ஒவ்வொரு கைக்கும் உரிய முகம் அதில் தெரியும்.

தமிழ் எழுத்தோ ஆங்கில எழுத்தோ அறியாதவரை எழுத்தறிவற்றவர் என்று கொள்ளும் மனப்போக்கு நம் சமூகத்தில் நீண்ட காலம் நிலவியது. அந்தக் கண்ணோட்டத்தில் நம் பாட்டியர் பலர் கைநாட்டுகளாகவே தோன்றியிருப்பர். அவர்கள் படித்தார்கள், எழுதினார்கள், வரவு செலவு பார்த்தார்கள் என்பதற்கு அரபுத்தமிழ்த் தாள்களே சாட்சி. இத்தாள்கள் இல்லையேல் அப்பெண்களின் கல்வி வரலாறும் இல்லை.

கல்லச்சும் கையெழுத்தும்

அச்சு வந்தபோதும் கைவடிவம் மறையவில்லை. தமிழ் எழுத்துக்கு 1578-இலேயே ஈய அச்சு வாய்த்துவிட்டது. கொல்லத்தில் அவ்வாண்டு 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. அரபுத்தமிழுக்கு அவ்வழி எளிதாக இல்லை. எழுத்துக்கள் இடத்துக்கேற்ப உருமாறி இணைவன; கூட்டிய புள்ளிகளும் உயிர்க்குறிகளும் மேலும் சுமை. அத்தனைக்கும் ஈய எழுத்து வார்ப்பது பெருஞ்செலவு.

ஜெர்மானியரான அலாய்ஸ் செனஃபெல்டர் 1796-இல் கண்டறிந்த கல்லச்சு இதற்கு விடையளித்தது. எண்ணெய்ப் பசையுள்ள மையினால் கைவண்ணர் தாளில் எழுதுவார். அதனைச் சுண்ணாம்புக்கல்லின் மேல் பதித்தால் எழுத்து கல்லுக்கு மாறும். கல்லை நனைத்து மை உருட்டினால், ஈரமான இடத்தில் மை ஒட்டாது. எழுத்தில் மட்டும் ஒட்டும். கைவண்ணரின் ஒவ்வொரு வளைவும் நூற்றுக்கணக்கான படிகளில் அப்படியே இறங்கும். இந்தியர் அச்சகம் நடத்துவதற்கிருந்த தடைகள் 1835-இல் நீங்கிய பின்னர், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரபுத்தமிழ் நூல்கள் பெருகியமைக்கு இத்தொழில்நுட்பமே அடித்தளம். தமிழ் முஸ்லிம்களின் அச்சுப் பண்பாட்டை ஆராய்ந்த ஜே.பி.பி. மோர் அவர்களின் 2004-ஆம் ஆண்டு நூல் இக்காலத்தை விரிவாகப் பேசுகிறது. இக்கல்லச்சு நூலைக் கையில் எடுப்பவர் அச்சையும் கையெழுத்தையும் ஒருங்கே காண்கிறார்.

தேய்வும் மரியாதையும்

20-ஆம் நூற்றாண்டில் காற்று திசை மாறியது. பள்ளிக்கல்வி பரவியது, தமிழ் எழுத்து நூல்கள் மலிவாயின. 1920-களில் பா. தாவூத்ஷா போன்ற சீர்திருத்த எழுத்தாளர்கள் எளிய தமிழில் மார்க்கத்தை விளக்கினர். ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி அவர்களின் திருக்குர்ஆன் தமிழாக்கம் 1949-இல் முழுமையாக வெளிவந்தது. தமிழ் முஸ்லிம்கள் தமிழ் எழுத்தில் தம் மார்க்கத்தைப் படிக்கலாயினர். இதனை இழப்பென்று சொல்வதற்கில்லை. தமிழ் பேசும் பிற சமயத்தாரும் இஸ்லாத்தை அறிய இதுவே வழி திறந்தது. ஆயினும் ஒரு கதவு திறந்தபோது இன்னொன்று மூடிக்கொண்டது. பாட்டியின் கடிதத்தைப் பேத்தியால் படிக்க இயலாமற்போயிற்று.

படிக்க இயலாத தாளுக்கு என்ன நேரும் என்பதில்தான் நமது கவலை அடங்கியுள்ளது. அரபு எழுத்து தாங்கிய தாளைக் கீழே போடுவதோ, பொட்டலம் மடிப்பதோ நம் வீடுகளில் நினைத்தும் பார்க்க இயலாதவை. நைந்த தாள்களைத் தூய இடத்தில் புதைப்பதும் ஓடும் நீரில் விடுவதும் வழக்கம். இறைமறையின் பிரதிகளுக்குரிய மரியாதை இது. ஆனால் எழுத்தைப் படிக்கத் தெரியாத தலைமுறைக்கு எது மறை, எது மருந்துக் குறிப்பு, எது கணக்கேடு, எது கணவருக்கு எழுதிய கடிதம் என்று பிரித்தறிய வழியில்லை. எல்லாம் அரபு எழுத்தே. எல்லாவற்றுக்கும் ஒரே முடிவு. இவ்வாறு, இவ்வெழுத்தை நூற்றாண்டுகளாகக் காத்த மரியாதையே அதன் சான்றுகளை மண்ணுக்கும் நீருக்கும் கொடுக்கும் காரணமாகவும் ஆகிவிடுகிறது. உப்புக்காற்றும் ஏரியின் ஈரமும், 1984-ஆம் ஆண்டுப் புயல், 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை போன்ற பேரிடர்களும் தாளுக்குப் பகையாக இருக்கும் பழவேற்காடு போன்ற கரையூர்களில் எஞ்சுவது மேலும் குறைவு.

அதே ஊரில் டச்சுக்காரரின் கல்லறைகளை நோக்குவோம். கருங்கல்லில் ஆழமாகச் செதுக்கிய எழுத்துக்களும் குலச் சின்னங்களும் இன்றும் தெளிவாக உள்ளன. இந்தியத் தொல்லியல் துறை அவற்றைப் பாதுகாக்கிறது. சில தலைமுறைகள் தங்கிச் சென்றவர்களின் பெயர்கள் கல்லில் நிற்கின்றன. அவர்களுக்கு முன்பே இருந்து அவர்களுக்குப் பின்னும் வாழ்கின்றவர்களின் எழுத்து பெட்டியடியில் கிடக்கிறது. சின்னப் பள்ளிவாசலில் உள்ள 1914-ஆம் ஆண்டு நிழற்கடிகாரத்தைக் காண வெளியூரார் வருகின்றனர். தாளைத் தேடி வருவோர் அரியர்.

புதைப்பதற்கு மாற்று வழி நம் வரலாற்றிலேயே உள்ளது. 1972-இல் யமன் நாட்டு ஸன்ஆ நகரின் பெரிய பள்ளிவாசலைச் செப்பனிட்டபோது கூரையிடுக்கில் பழங்குர்ஆன் ஏடுகள் குவியலாகக் கிடைத்தன. நைந்த ஏடுகளை அழிக்க மனமின்றி முன்னோர் அங்கே ஒதுக்கி வைத்திருந்தனர். ஹிஜ்ரியின் தொடக்கக் காலத்து எழுத்து வடிவங்களை ஆராய்வோருக்கு அவை அருஞ்செல்வமாயின. கெய்ரோவின் பழம்பகுதியில் யூதர்கள், ஹீப்ரு எழுத்து தாங்கிய தாள்களை மரியாதை கருதித் தொழுகைக்கூடத்தின் ஓர் அறையில் போட்டு வைத்தனர். அவற்றுள் பல, அரபு மொழியை ஹீப்ரு எழுத்தில் எழுதியவை; நமது அரபுத்தமிழுக்கு நேர் நிகரானவை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேம்பிரிட்ஜ் சென்ற ஏறத்தாழ 2 இலட்சம் துண்டுகளிலிருந்து, எஸ்.டி. கோய்டைன் போன்ற அறிஞர்கள் மத்தியதரைக் கடல் முதல் மங்களூர் வரையிலான இடைக்கால வணிக உலகையே மீட்டெழுதினர். அந்த வரலாற்றுக்கு உதவியவை பெருங்காப்பியங்கள் அல்ல. கடிதங்களும் கணக்குகளும் பண்டப் பட்டியல்களுமே. மரியாதை அங்கும் இங்கும் ஒன்றே. அவர்கள் அறையில் வைத்தனர். நாம் ஆற்றில் விட்டோம்.

கணினியில் அரபுத்தமிழ்

இன்று இவ்வெழுத்துக்குப் புதிய வாய்ப்பொன்று வாய்த்துள்ளது. உலக மொழிகளின் எழுத்துக்களுக்குக் கணினியில் எண் வழங்கும் யூனிகோடு, 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளியிட்ட தனது 8.0 பதிப்பில் அரபுத்தமிழுக்கு வேண்டிய எழுத்துக்களைச் சேர்த்தது. கீழே மூன்று புள்ளிகள் கொண்ட ஐனும், கீழே ஒரு புள்ளி கொண்ட காஃபும் அவற்றுள் அடங்கும். ஏரிக்கரை வீட்டில் நாணற்கோல் இட்ட புள்ளிக்கு உலகப் பொதுத்தரத்தில் ஓர் இடம் கிடைத்தது. இவ்வெழுத்துக்களையும் தாங்கிய நஸ்கு எழுத்துருக்களும் உள்ளன. 'ஷெஹரஸாத் நியூ' அவற்றுள் ஒன்று. கல்லச்சுக் காலத்தில் கைவண்ணர் ஒருவரின்றி இயலாதது, இன்று விசைப்பலகையில் இயலும்.

எனினும் எழுத்துரு ஒரு கருவி மட்டுமே. 1905-இல் கெய்ரோவின் பூலாக் அச்சகம் வார்த்த நஸ்கு எழுத்தைப் பின்பற்றி 'அமீரி' என்னும் எழுத்துருவை அண்மைக் காலத்தில் உருவாக்கினர். பழைய அச்சுநூல்கள் பேணப்பட்டிருந்தமையால்தான் அது கைகூடிற்று. நம் கைவண்ணர்களின் நஸ்கு, குர்ஆன் நஸ்கிலிருந்து எவ்வாறு வேறுபட்டது, ழகரப் புள்ளியைக் காயல்பட்டினத்தார் எங்கே வைத்தனர், பழவேற்காட்டார் எங்கே வைத்தனர் என்பவற்றைக் கூற மூலத்தாள்கள் வேண்டும். அவையின்றி அமையும் எழுத்துரு, ஊரறியாத பொது உருவாகவே இருக்கும்.

ஆகவே நாம் வேண்டுவது பெரிய ஏற்பாடு எதுவும் அன்று. பள்ளிவாசல்தோறும் ஒரு பூட்டிய அலமாரி இருத்தல் வேண்டும். அரபு எழுத்து தாங்கிய நைந்த தாள் எதுவாயினும் மண்ணுக்கோ நீருக்கோ செல்லுமுன் அங்கே வந்து தங்கட்டும். அரபுத்தமிழ் படிக்கவல்ல முதியோர் ஒருவர் அதனைப் பிரித்து நோக்கி, மறை ஏட்டை மறைக்குரிய முறைப்படி ஒப்படைத்து, மற்றவற்றை இன்ன ஊர், இன்ன காலம், இன்ன பொருள் என்று ஒரு வரி எழுதிவைத்துப் படம் எடுக்கச் செய்யட்டும். அம்முதியோர் இருக்கும்போதே இளைஞர் சிலர் அருகே அமர்ந்து புள்ளிகளைக் கற்றுக்கொள்ளட்டும். குர்ஆன் ஓதத் தெரிந்தவருக்கு அது சில நாள் பாடமே.

பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைவதில் பெயர் பெற்றவர்கள். தமிழர் எழுதிய முதல் தாள்களுள் ஒன்று அந்தப் பனையோலை. ஓலையை அறிந்த அக்கைகள் எழுத்தையும் அறிந்திருந்தன என்பதை நிறுவ, எஞ்சியிருக்கும் தாள்கள் இன்னும் சில பெட்டிகளில் இருத்தல் கூடும். ழகரத்தைச் சிதைக்காமல் இவ்வூரின் பெயரை எழுதிய அந்த எழுத்தைப் படிக்க அடுத்த தலைமுறையில் சிலரேனும் இருப்பார்களா என்பது, அப்பெட்டிகளைத் திறக்கும் நாளில் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது.